சங்குப்பூ முட்டை

வெங்காயத்தோலை அவள் எறிய மாட்டாள். தவசு காலம் தொடங்கின நாளிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் போட்டு வைப்பாள். கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதுக்கு இந்தக் குப்பை என்று கேட்டேன். பாஸ்குக்கு என்றாள். கடற்கரையில் ஈஸ்டரை நாங்கள் பாஸ்கு என்றுதான் சொல்வோம். அதற்கு முந்தின நாற்பது நாள் நோன்புதான் தவசு காலம். பாஸ்குக்குச் சேலை எடுப்பார்கள், கறி எடுப்பார்கள். வெங்காயத்தோல் சேர்த்த ஆளை நான் பார்த்ததில்லை.

என் பெண்சாதி மடத்துப் பிள்ளை. கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்தது. தாய் தகப்பன் யாரென்று அவளுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அந்த மடத்தில் வெள்ளைக்கார மதர் ஒருத்தி இருந்தாளாம். பாஸ்குக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளையெல்லாம் அடுப்படிக்குக் கூப்பிட்டு முட்டைக்குச் சாயம் ஏற்றச் சொல்லிக் கொடுப்பாளாம். ஞாயிறு காலையில் அந்த முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைத்துவிட்டுத் தேடச் சொல்வாளாம். மற்ற நாளெல்லாம் ஜெபமும் பாத்திரம் கழுவுவதும்தான்.

"எங்களை யாரும் தேடி வர மாட்டாவ. அந்த ஒருநா நாங்க முட்டையத் தேடுவோம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துக் குளிப்பு நின்று போயிருந்தது. சங்கு குளிப்பு இருந்தது. நாங்கள் திரேஸ்புரத்தில் ஓலை வீட்டில் இருந்தோம். ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு சங்கு குளிக்கிறவன், அவன் பெண்சாதி, ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். எங்களுக்கும் ஒன்று பிறந்தது. ஒரு நாள் இருந்தது.

அவனும் நானும் ஒரே வள்ளம். எங்கள் வள்ளத்தில் பழைய முறைதான். குளிக்கிறவன் கயிற்றில் கட்டின கல்லில் காலை வைத்து அதன் கனத்தில் இறங்குவான். கழுத்தில் வலைப்பை தொங்கும். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழேயிருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாமல் இருந்தாலும் எப்போது இழுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும். கயிறு என் வேலை.

கண்டவன் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். பெண்சாதியோடு பிறந்தவன் கையில் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கும்படி எவனும் கயிற்றை விட மாட்டான் என்று அந்தக் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. இவன் பெண்சாதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. நான் முதல் முதலாக அவனுக்குக் கயிறு பிடிக்கப் போன காலையில் அவள் கையில் காப்பியோடு வந்தாள்.

"இந்தா அண்ணே, குடி. இன்னையிலிருந்து நீதான் எனக்கு அண்ணன். கயிற ஒழுங்காப் பிடி. இல்லன்னா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து ஒப்பாரி வைப்பேன்."

அவ்வளவுதான் சடங்கு. அன்றிலிருந்து அவன் என்னை மச்சான் என்றான். அவன் பெண்சாதியும் என் பெண்சாதியும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்றார்கள். பிள்ளை என்னை மாமா என்றது, இவளை அத்தை என்றது. யாருமில்லாதவளுக்கு ஒரே நாளில் நாத்தனாரும் மருமகளும் கிடைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது, "என்னை அத்தேன்னு கூப்பிடுதா" என்று இரண்டு தடவை சொன்னாள். பிள்ளை பிறகு எங்கள் வீட்டில்தான் கிடக்கும். தலை பின்னுவது, பேன் பார்ப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் இவள்தான்.

அந்த வருசம் பாஸ்குக்கு முந்தின சனிக்கிழமை வள்ளம் போகவில்லை. நானும் வீட்டில் இருந்தேன். இவள் காலையிலேயே மூன்று சட்டி வைத்துவிட்டாள். ஒன்றில் வெங்காயத்தோல் கொதித்தது. ஒன்றில் மஞ்சள். இன்னொன்றில் சங்குப்பூ. வேலியோரம் படர்ந்து கிடந்ததை ஒரு கூடை பறித்திருந்தாள். முட்டை வெளுத்ததாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்திருந்தாள்.

பிள்ளை முருங்கை இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொடுத்தது. இவள் அந்தச் சின்ன இலையைத் தண்ணீரில் நனைத்து முட்டை ஓட்டில் ஒட்டினாள். பழைய முக்காட்டுத் துணியைக் கிழித்து, இலை நகராமல் முட்டையைச் சுற்றி இறுக்கி நூலால் கட்டினாள். கட்டினதை வெங்காயத்தோல் தண்ணீரில் போட்டு வேக வைத்தாள். கறிக்கு ஊற்றுகிற வினாகிரியில் ஒரு கரண்டி அதில் விட்டாள். புளிப்பு சேர்ந்தால் சாயம் பிடிக்குமாம். வெந்ததும் துணியை அவிழ்த்தாள். முட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நரம்போடு. நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். மஞ்சள் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, முட்டைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துத? பெரிய மனுசி ஆயிட்டாளா?"

"ஆமா. சீரு நீதான் கொண்டாரணும்."

"நான் எங்க போக? எங்க அண்ணன் இந்தா சும்மா உக்காந்திருக்கான்லா. அவனக் கேளு."

"உங்க அண்ணன் வாயத் தொறந்தாதான கேக்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல நாள் அது.

மத்தியானம் தாயும் பிள்ளையும் போன பிறகு இவள் ஒரு முட்டையைத் தனியாக எடுத்தாள். மெழுகுதிரியை உருக்கி, குண்டூசித் தலையை அதில் தொட்டுத் தொட்டு முட்டையில் எழுதினாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்து நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேர். கீழே ஒரு சங்கு. எழுதினதை ஆறின சங்குப்பூத் தண்ணீரில் மூழ்க வைத்தாள். இதில் வினாகிரி விடவில்லை. விட்டால் நீலம் ஊதாவாகிவிடும் என்றாள். சாயங்காலம் எடுத்து, விளக்குப் பக்கம் காட்டி மெழுகைத் துடைத்தாள். ஆழத்துத் தண்ணீர் மாதிரி ஒரு நீலம். அதில் வெள்ளையாகப் பேர்.

பிறகு இரண்டு முனையிலும் ஊசியால் குத்தினாள். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினாள். உள்ளே இருந்ததெல்லாம் மறு முனை வழியாகக் கிண்ணத்தில் இறங்கியது. ஓடு மட்டும் மிஞ்சியது. இரண்டு துளையையும் மெழுகால் அடைத்தாள்.

"இத மட்டும் ஏன் காலியாக்குத?" என்றேன்.

"பாஸ்கு அன்னைக்குக் கல்லறை காலியாக் கெடந்துச்சில்லா. அதுக்குத்தான். எங்க மதர் இதத்தான் பெரிய முட்டைன்னு சொல்லுவாவ. யாருக்கு ரொம்பப் பிரியமோ அவுகளுக்கு."

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் பிள்ளையைத் தேட விட்டாள். விறகுக்குள் ஒன்று, தண்ணீர்ப் பானை பின்னால் ஒன்று, என் சட்டைப் பையில் ஒன்று. பிள்ளை ஒவ்வொன்றையும் எடுத்துக் கூச்சல் போட்டது. தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எல்லாரும் உரித்துத் தின்றார்கள். நீல முட்டையை மட்டும் காணவில்லை. எங்கே வைத்தாய் என்று இவளைக் கேட்டேன். 

"அவளே எடுப்பா. தினம் கை விடுத எடந்தான்" என்றாள்.

சாயங்காலம் வரை பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முட்டை தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடியுமுன் வள்ளம் இறங்கியது. கடல் சும்மா கிடந்தது. கடலுக்கடியில் சங்கு கிடக்கிற கிடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவன் வலைப்பையைக் கழுத்தில் மாட்ட எடுத்தான். உள்ளே என்னமோ இருந்தது. பஞ்சில் சுற்றியிருந்தது. பிரித்தான். நீல முட்டை.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடலிலிருந்து வந்ததும் அவன் அந்தப் பையை வாசல் ஆணியில் மாட்டுவான். பிள்ளை ஓடிவந்து அதில் கை விடும். குட்டிச் சங்கு, சோழி என்று ஏதாவது போட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள். பையில் ஒன்றும் இருக்காது என்று பிள்ளை கை விடவில்லை. இவள் அதை நினைக்கவில்லை.

அவன் முட்டையைக் காதோரம் ஆட்டினான். கனமில்லை. திருப்பினான். மெழுகு பெயர்ந்து ஊசித் துளை தெரிந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வள்ளத்தை நடத்துகிற தண்டல் ஒரு வயசாளி. அவரிடம் நீட்டினான்.

"என்னமோ எழுதிருக்கு அண்ணாச்சி."

தண்டல் வாங்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தார்.

"உம் புள்ள பேருலே" என்றார். பிறகு, "கல்ல மேல ஏத்துங்கலே. திரும்பிருவோம்" என்றார்.

நான் சொன்னேன். என் வீட்டுக்காரி செய்தது, பாஸ்கு முட்டை, பிள்ளைக்காக ஒளித்து வைத்தது என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"எந்தங்கச்சி செஞ்சதா? சரி மச்சான். நான் என்னமோ ஏதோன்னுல்லா நெனச்சேன்" என்றான். முட்டையைப் பஞ்சில் சுற்றித் துணி மூட்டையில் வைத்தான். கல்லில் காலை வைத்தான்.

நாலைந்து முறை நன்றாகத்தான் இறங்கி ஏறினான். அதற்கடுத்த முறை கயிறு கையில் வேறு மாதிரி ஆடியது. சுண்டினது இல்லை. துடித்தது. நான் இழுத்தேன். அவன் மேலே வந்தபோது வலது காதிலிருந்து இரத்தம் வந்தது. மூக்கிலும். வள்ளத்தில் தூக்கிப் போட்டோம். எழுந்து நிற்கப் பார்த்தான், நிற்க முடியவில்லை. தலை சுற்றி வாந்தி எடுத்தான். தண்டல் அந்தத் துணி மூட்டையை மட்டும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் வலது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்காது என்றார்கள். இனிமேல் தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது என்றார்கள். சங்கு குளிக்கிறவனுக்கு இது வருகிறதுதான். சளியோடு இறங்கினால் வரும். எனக்குத் தெரிந்தே எத்தனை பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பையில் முட்டை இருந்ததில்லை.

தண்டல் சொன்னாரோ, வேறு யார் சொன்னார்களோ, நாங்கள் வீடு வருவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பேர் எழுதி, ஊசி குத்தி, உள்ளே இருந்ததை உறிஞ்சின முட்டை. இன்னும் என்ன வேண்டும்? எங்கள் பக்கம் செய்வினை வைக்கிறவன் செய்கிற அத்தனையும் அதில் இருந்தது. முந்தின நாள் முட்டை தின்ற பிள்ளைகளின் வாயில் தாய்மார்கள் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்தார்கள்.

இவள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனாள். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"மதினி, அவுகளுக்கு எப்படி இருக்கு?"

"இங்கன வராத."

"நான் புள்ளைக்கு ஆசையா..."

"ஏளா, வராதன்னு சொல்லுதேன்லா. உனக்குப் பெத்த புள்ள தங்கல. எம் புள்ள பேர எழுதிப் பாத்தியாக்கும்."

இவள் கஞ்சியைத் திரும்பக் கொண்டுவந்து அடுப்பு மேல் வைத்தாள். அழவில்லை. "மதினின்னு சொல்லல. ஏளான்னு சொல்லிட்டா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தெருவே கடற்கரைக்குப் போனது. அந்த முட்டையைக் கடலில் விட்டுத் தொலைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவள் எழுந்தாள். நானும் பின்னால் போனேன். பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் உப்பும் மிளகாயும் நடுவில் அந்த முட்டையும் வைத்திருந்தாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கி முறத்தைக் கவிழ்த்தாள். திரும்பிப் பாராமல் ஏறினாள்.

காலி முட்டை முங்குமா? அலை அதை எடுத்துக்கொண்டு போனது, கொண்டுவந்து கரையில் விட்டது. நீலம் கொஞ்சமும் போகவில்லை. பொம்பளைகள் கத்தினார்கள். ஒருத்தி துடுப்பால் தள்ளிவிட்டாள். அது மறுபடியும் வந்தது.

"போ மாட்டேங்குது பாரு. அது யார் பேர்ல வந்துச்சோ அவளத்தான் கேக்குது" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அப்போது பிள்ளை சொன்னது: "அது என் முட்டை. அதுல எம் பேரு இருக்கு. அத்தே, எடுத்துத் தா."

தாய் அதன் வாயைப் பொத்தினாள். இவள் தண்ணீரில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை, எல்லாரும் விலகினார்கள். இடுப்பளவு தண்ணீரில் போய் முட்டையைப் பிடித்தாள். கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கையை நீட்டினாள். நெரித்தாள். ஓடு பொடிப்பொடியாகியது.

"உள்ள ஒண்ணுமில்ல, பாருங்க. ஒரு தகடு இல்ல, முடி இல்ல. சும்மா காலி. இது கல்லறை. அவ்வளவுதான். இது கல்லறை" என்றாள்.

மடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அது சந்தோசமான சொல். ஆண்டவர் உயிர்த்துப் போன இடம்.

"கல்லறைங்கா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எம் புள்ள பேர எழுதி வச்சிக்கிட்டுக் கல்லறைங்காளே!"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளை தோளுக்கு மேல் உடைந்த ஓட்டைப் பார்த்து அழுதுகொண்டே போனது.

நான் சாமியாரிடம் போனேன். அவர் வந்தார். இது வெள்ளைக்கார வழக்கம், தப்பில்லை என்று பக்கத்து வீட்டில் எடுத்துச் சொன்னார். சரி சாமி என்றார்கள். அவர் போனதும் கதவைச் சாத்தினார்கள்.

அவனை நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்துச் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அதுவரை என்னைக் கண்டால் வாலே மச்சான் என்பான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க" என்றான்.

நான் உட்காரவில்லை.

வீட்டில் இவள் கேட்டாள்: "நான் முட்டையில ஊசியால குத்துனேன். அவுகளுக்குக் காதுல ஓட்டை. அப்படி ஆகுமா?"

"தண்ணி அழுத்தம். சளி இருந்திருக்கும்" என்றேன்.

"சரி" என்றாள். நம்பின மாதிரி இல்லை.

மழைக்கு முன்னால் அவர்கள் தெற்கே, அவள் தாய் ஊர்ப் பக்கம், குடி போனார்கள். சாமான் வண்டியில் பிள்ளை மேலே உட்கார்ந்திருந்தது. அந்த வலைப்பை அதன் மடியில் இருந்தது. வண்டி நகரும்போது பழக்கத்தில் பைக்குள் கை விட்டுப் பார்த்தது. எங்கள் வாசலை அது பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். இவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

எனக்கு அதன்பிறகு யாரும் கயிறு கொடுக்கவில்லை. கேட்கவும் முடியாது. நான் துறைமுகத்தில் மூட்டைக்குப் போனேன். இவள் பிறகு முட்டைக்குச் சாயம் ஏற்றியதில்லை. ஆனால் தவசு காலம் வந்தால் டப்பா வெளியே வரும். தோல் சேரும். பாஸ்குக்கு முந்தின சனிக்கிழமை அதை அடுப்பில் போடுவாள். நன்றாக எரியும். நான் கேட்டதில்லை.

சில வருசம் கழித்து ஒரு சோலியாகத் தெற்கே போனபோது, உப்பு லாரி நிற்கிற இடத்தில் அவனைப் பார்த்தேன். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டு உப்பு சுமந்துகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய், "மச்சான்" என்றேன். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை நான் கூப்பிடவில்லை. அவன் மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டிய?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் நின்றேன் என்று எனக்கு நினைவில்லை.

"வலது பக்கம்" என்றேன்.

"அப்போ கேட்டிருக்காது" என்றாள். உரித்த தோலைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டாள்.